கோயிலுக்குப் போய்வந்த நாலு ரயர்கள்

என் கணவர் பதினொரு வருடம் வேலை செய்த தளபாடத் தொழிற்சாலையைக் குளிர் தொடங்குகிற நேரம் பார்த்து மூடிவிட்டார்கள். அவருக்கு ஐம்பத்துநாலு வயது. மெல்பேர்னில் டண்டினோங் பக்கம் எத்தனையோ இடங்களில் ஏறி இறங்கினார். எல்லாரும் பெயரையும் ஃபோன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு கூப்பிடுகிறோம் என்றார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. கடைசியில் கிடைத்தது மலையில் ஒரு வேலை. பனிச்சறுக்கு விளையாட வருகிறவர்கள் தங்கும் ஹொட்டல் குசினியில் கோப்பை கழுவவேண்டும். நோபல் பார்க்கில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து நாலு மணித்தியால ஓட்டம். அடிவாரத்து ஊரில் இன்னும் இரண்டு பேரோடு ஒரு வீட்டில் தங்கி, விடிய வெள்ளன மலை ஏறி, பின்னேரம் இறங்கவேண்டும்.

"மூண்டு மாசந்தானே," என்றார்.

எனக்கு மூன்று மாதம் கண்ணில் படவில்லை. அந்த றோட்டுத்தான் பட்டது. யாரோ ஓடிக்கொண்டே எடுத்துப் போட்டிருந்த வீடியோவை ஃபோனில் பார்த்தேன். ஒரு பக்கம் மலை. மற்றப் பக்கம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் கதிரையில் இருந்தபடி வலது காலை நிலத்தில் அழுத்தினேன். பார்த்து முடித்தபோது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது.

நான் பயந்த சுபாவம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஊர் ஊராக இடம்பெயர்ந்த காலத்தில் புத்தகப் பையை எந்த இடத்தில் விட்டேன் என்றே தெரியாது. அதனாலோ என்னவோ, ஒரு விஷயம் எனக்கு அரைவாசிதான் விளங்கும். மிச்ச அரைவாசியை மனம் தானே எழுதிக்கொள்ளும், அதுவும் கெட்டதாகவே எழுதும். அடுப்பை நிற்பாட்டினேனா என்று பார்க்க ஸ்டேஷன் வாசல்வரை போய்த் திரும்பி வந்த நாட்கள் இருக்கின்றன. என் கணவர் அதைச் சொல்லிச் சிரிப்பார். பிறகு, நான் கேட்காமலே, போகும்போது ஒரு தடவை அடுப்பைப் பார்த்துவிட்டு வருவார்.

மலைக்கு எங்கள் பழைய வாகனத்தைக் கொண்டுபோனார். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வாகனம். அது போதும் என்று அவர் நினைத்தார். நானும் நினைத்துவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். என் பக்கத்தில் நின்று வேலை செய்கிற பொஸ்னியாக்காரி விடவில்லை.

நான் சலாட் இலைகளைப் பையில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அவளுக்கும் எனக்கும் இருக்கிற இங்கிலிஷைச் சேர்த்தால் ஒரு ஆளுக்குக் காணும். ஆனால் எட்டு வருடமாகக் கதைத்துக்கொண்டு வருகிறோம்.

"உன் மனுசன் என்ன ரயர் போட்டிருக்கிறான்?" என்று கேட்டாள்.

"நல்ல ரயர். போன வருசம் மாத்தினது."

"கோடை ரயர்." அவள் தலையை ஆட்டினாள். "எங்கள் ஊரில் அப்படிப் பனிக்குள் போனால் பொலிஸ் பிடிக்கும். பொலிஸ் பிடிக்காவிட்டால் சவப்பெட்டி செய்கிறவன் பிடிப்பான்."

அவள் அதைப் பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. குளிரில் சாதாரண ரயர் பலகைமாதிரி இறுகிவிடும், பனிக்கென்று செய்த ரயர் இறுகாது, பனியைக் கடித்துப் பிடிக்கும் என்று விளங்கப்படுத்தினாள். அதற்கு ஒரு அடையாளம் உண்டு என்று பெட்டி மட்டையில் கீறிக் காட்டினாள்: மூன்று உச்சி உள்ள ஒரு மலை, அதற்குள் ஒரு பனிப்பூ.

பின்னேரம் ஃபோனில் அவருக்குச் சொன்னேன்.

"இஞ்சை அப்பிடி ஒருத்தரும் போடுறேல்லை," என்றார். "சங்கிலி இருக்குத்தானே."

சங்கிலி இருந்தது. சில்லைச் சுற்றிப் பூட்டுகிற இரும்புச் சங்கிலி இல்லாமல் மலையேற விடமாட்டார்கள். ஆனால் மலை வாசலில் நிற்கிறவர்கள் பூட்டச் சொல்லுகிற நாளில் மட்டும்தான் பூட்டுவார்கள். விடியமுன்னம் பனிக்குள் குந்தியிருந்து சங்கிலி பூட்டினால் விரல் விறைத்து, தன் விரலை வேறு யாரோ பிடித்திருக்கிறமாதிரி இருக்கும் என்று சொல்லிச் சிரித்தார். தொழிற்சாலை மூடியபிறகு அவர் சிரித்ததெல்லாம் அந்தமாதிரிச் சிரிப்புத்தான்.

மெல்பேர்னில் பனி ரயர் தேடுவது லேசில்லை. மூன்று கடையில் கேட்டேன். ஓடர் பண்ணினால் பனிக்காலம் முடிந்து வரும் என்றார்கள். பிறகு பழைய சாமான் விற்கிற பக்கத்தில் ஒரு விளம்பரம் கண்டேன். நாலு ரயர், கிரான்பர்னில். என் கணவரிடம் சொல்லி எங்கள் ரயரின் பக்கவாட்டைப் படம் எடுத்து அனுப்பச் செய்து, அதில் இருந்த இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, கொப்பி தொலைந்தால் என்று கையிலும் எழுதிக்கொண்டு போனேன்.

விற்றவர் தமிழ்நாட்டுக்காரர். எஞ்சினியர். மலைக்கு அந்தப் பக்கம், நியூ சவுத் வேல்ஸில், ஒரு சுரங்க வேலைக்கு இரண்டு வருடம் போயிருந்தாராம்.

"வாங்கக்கா. தனியாவா வந்தீங்க? சார் வரலையா?"

"அவர் மலையிலை, தம்பி. அவருக்குத்தான் இது."

கராஜில் நாலு ரயரையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். நான் இலக்கத்தை ஒப்பிட்டேன். மலையும் பனிப்பூவும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றிலும் பார்த்தேன். ரயரில் வெட்டியிருக்கிற தவாளிப்புக்குள் காசை நுழைத்து ஆழம் பார்த்தேன். எந்த வருடம் செய்தது என்று சொல்லும் நாலு இலக்கத்தைத் தேடி வாசித்தேன். ரோர்ச் அடித்து வெடிப்புத் தேடினேன். மணந்தும் பார்த்தேன், ஏன் என்று தெரியாது.

"அக்கா, நீங்க பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க," என்றார் அவர்.

"பொம்பிளை எண்டா ஒருக்காப் பாத்தாக் காணும் தம்பி. இது ஒவ்வொரு நாளும் மலை ஏறி இறங்கவேணும்."

"சத்தியமா ரெண்டே வின்டர்தான் ஓடுச்சு. ஒரு பஞ்சர் கூடக் கிடையாது. பயப்படாம எடுத்துட்டுப் போங்க."

பயப்படாமல் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் ஒரு தடவை பயம் வரும். ஆனாலும் வாங்கினேன். என் சின்னக் காரின் பின்பெட்டிக்குள் இரண்டு, பின்சீற்றில் இரண்டு. சீற்றில் இருந்ததுகளுக்கு பெல்ற் போட்டுவிட்டேன். அந்த மனிதர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கக் கஷ்டப்பட்டார்.

இனி நான் செய்ததைச் சொல்லவேண்டும். எங்கள் ஆட்கள் வாகனம் வாங்கினால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை செய்விப்பார்கள். சந்தனம் வைத்து, கற்பூரம் காட்டி, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து ஏற்றி நசிப்பார்கள். எங்கள் வாகனத்துக்கும் வாங்கின காலத்தில் அது நடந்தது. ஆனால் மலை ஏறப்போவது இந்த நாலு ரயரும். இதுகள் முன்பின் தெரியாத ஒருவரின் வாகனத்தில் ஓடினவை. என்ன கண்டதோ, எதன்மேல் ஏறினதோ. பூசை இல்லாமல் அவரின் காலடியில் இதைப் பூட்ட எனக்கு மனம் வரவில்லை. வாகனமோ மலையில். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளைக்கு வந்து அன்றைக்கே திரும்பிவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை வேலை முடிய, ரயர்களை மட்டும் கோயிலுக்குக் கொண்டுபோனேன்.

ஐயர் வெளியே வந்து பார்த்தார்.

"வாகனம் எங்கை அம்மா?"

"மலையிலை ஐயா."

"அப்ப இது?"

"இது அதின்ரை ரயர்."

ஐயர் நாலையும் சுற்றிவந்து பார்த்தார். "எத்தினையோ வாகனத்துக்குப் பூசை செய்திருக்கிறன்," என்றார். "பகுதி பகுதியா ஒருத்தரும் கொண்டுவந்ததில்லை."

ஆனாலும் செய்தார். கார் நிற்பாட்டுகிற இடத்தில் நாலையும் ஒரே பக்கம் மேலே தெரிய வரிசையாகக் கிடத்தி, மந்திரம் சொல்லி, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கற்பூரம் காட்டினார். சந்தனம் ஒரு மழைக்குக் கழுவுப்பட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். தொழிற்சாலையில் பெட்டிகளுக்கு அடையாளம் போடுகிற வெள்ளைப் பெயின்ற் பேனை ஒன்று கைப்பையில் இருந்தது. ஐயரிடம் கேட்டுவிட்டு, கற்பூரம் காட்டிய பக்கத்தில் ஒவ்வொரு ரயரிலும் ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். கறுப்பில் வெள்ளையாக, உள்ளங்கை அளவில் ஒரு உ. அன்றைக்கு எனக்கு நல்ல நித்திரை வந்தது.

ஞாயிறு காலை அவர் வந்து, புட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். வாய் திறந்தபடி தூங்கினார். கைவிரல்கள் எல்லாம் தோல் உரிந்து கிடந்தன. நான் வாகனத்தை எடுத்துக்கொண்டு ஸ்பிரிங்வேலுக்குப் போனேன். எங்களுக்குத் தெரிந்த ஒருவர் அங்கே இருக்கிறார். கிழமை நாட்களில் ரயர் கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கராஜில் தெரிந்த ஆட்களுக்குப் பூட்டிக் கொடுப்பார். சொந்தமாக மெஷின் வைத்திருக்கிறார். நல்ல வேலைக்காரர்.

சுழியைக் கண்டவுடன், "பிள்ளையாரும் சறுக்கி விளையாடப் போறாரோ அக்கா?" என்றார்.

"பகிடி விடாதேங்கோ. வெளியிலை பாக்கிறமாதிரிப் பூட்டிவிடுங்கோ."

வலப்பக்கம் இரண்டையும் பூட்டினார். இடப்பக்கத்துக்கு மூன்றாவது ரயரை மெஷினில் ஏற்றினவர் நின்றுவிட்டார். குனிந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இதிலை அம்பு இருக்கு."

பக்கவாட்டில், ரப்பரிலேயே அச்சாக, ஒரு அம்புக்குறி இருந்தது. அத்தனை ரோர்ச் அடித்துப் பார்த்தவள் நான். அதைக் காணவில்லை.

"இந்த ரயர் அம்பு காட்டுற பக்கந்தான் உருளவேணும்," என்றார். "வலப்பக்கம் ரெண்டும் சரியா வந்திட்டுது. இடப்பக்கம் ரெண்டுக்கும் உங்கடை சுழி உள்ளுக்குப் போகவேணும்."

"உள்ளுக்கோ?"

"ஓம். வெளியிலை தெரியாது."

"சுழியை உள்ளுக்குத் திருப்பி, சேத்தைப் பாக்க வைக்கிறதோ, தம்பி?"

"அப்ப மற்றப் பக்கத்திலையும் ஒண்டை எழுதுங்கோவன்."

"ஐயர் கற்பூரம் காட்டினது இந்தப் பக்கத்துக்கு. அங்காலை நான் எழுதினா அது வெறும் எழுத்து."

அவர் கையைத் துடைத்தார். "மாறிப் பூட்டினா, தண்ணியும் பனிச்சேறும் வெளியிலை தள்ளுப்படாது அக்கா. நான் வேலை செய்யிற கடையிலை இப்பிடிப் பூட்டினா என்னை வீட்டை அனுப்பிப்போடுவாங்கள்."

"நிச்சயமாப் பிழை வருமோ?"

"நிச்சயமா எண்டு எப்பிடிச் சொல்லுறது? மெதுவா ஓடினா..."

"அவர் மெதுவாத்தான் ஓடுவார்."

நான் அழவில்லை. அழப்போகிற முகத்தோடு நின்றேன். அது அழுவதைவிடக் கூடாத வேலை என்று இப்போது நினைக்கிறேன். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். இரண்டு பயம் ஒன்றாக வந்தால் எனக்குப் பழைய பயம்தான் பெரிதாகத் தெரியும். அம்பைப் பற்றிய பயத்துக்கு அப்போது வயது ஐந்து நிமிடம். கடவுள் குத்தம் வந்துவிடுமோ என்ற பயம் என்னோடு பிறந்தது.

"சரி. உங்கடை விருப்பம்," என்றார் கடைசியில். "ஆனா அண்ணைக்குச் சொல்லிப்போடுங்கோ."

"சொல்லுறன்."

சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது அவர் எழும்பியிருந்தார். வாகனத்தைச் சுற்றிப் பார்த்தார். ரயரை விரலால் அழுத்தினார். சுழியைப் பார்த்து, "பிறகென்ன, எனக்கு லைசென்ஸே தேவையில்லை," என்றார். அந்தச் சிரிப்பு பழைய சிரிப்பு. அதன்மேல் போய் அம்பைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஒவ்வொரு நாளும் மலையாலை இறங்கின உடனை சில்லை ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ," என்றேன்.

"என்ரை முகம் வேண்டாமோ?"

"சில்லு வந்தா முகமும் வந்தமாதிரித்தானே."

திங்கட்கிழமை பின்னேரம் முதல் படம் வந்தது. இடப்பக்க முன்சில்லு, பனிச்சேறு, நடுவில் என் உ. அதைப் பார்த்துவிட்டுப் படுத்தேன்.

செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரம் அந்தப் படத்தைப் பொஸ்னியாக்காரிக்குக் காட்டினேன். பெருமைக்குத்தான் காட்டினேன். அவள் விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இது ஏன் பின்பக்கம் பார்க்கிறது?" என்றாள்.

அவள் தன் இரண்டு கையையும் கூப்புகிறமாதிரிச் சாய்த்து வைத்து, தவாளிப்பு எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்று காட்டினாள். மற்றப் பக்கத்துச் சில்லு எப்படி என்று கேட்டாள். அது சரி என்றேன்.

"அது இன்னும் மோசம்," என்றாள். "ஒரு பக்கம் பிடிக்கும், மற்றப் பக்கம் பிடிக்காது. பிரேக் போட்டால் வாகனம் சுற்றும். இன்றைக்கே சொல்லு."

அன்றைக்குப் பின்னேரம் நான் கூப்பிடமுன்னமே அவர் கூப்பிட்டார்.

"இண்டைக்கு முன்னாலை போனவங்கள் எல்லாம் இறங்கிச் சங்கிலி பூட்டினாங்கள்," என்றார். "எங்கடை ரயரைப் பாத்திட்டு, நீ போ எண்டு விட்டிட்டாங்கள். உம்மடை வேலை, என்ன? நான் ஒருநாளும் யோசிச்சிருக்க மாட்டன்."

வேலை போனதற்குப் பிறகு அவர் குரலில் அப்படி ஒரு உயிரை நான் கேட்கவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் தடவை அவர் வேறு கதைக்குப் போனார். இரண்டாம் தடவை நானே போனேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு அவர் வேலை முடிந்து இறங்கியபிறகு, ஆறுதலாக.

புதன்கிழமை படம் வரப் பிந்தியது. வந்தது. வலப்பக்கச் சில்லு. "இண்டைக்குக் களைப்பு. படுக்கப்போறன்," என்று எழுதியிருந்தார். வியாழக்கிழமை திரும்பவும் இடப்பக்கம், உ தெரிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும்.

அந்த மூன்று கிழமையையும் எப்படிச் சொல்லுவது? முதல் நாள் எனக்கு நித்திரை தந்த படம் இப்போது நித்திரையைப் பறித்தது. இடப்பக்கத்தில் உ தெரிந்தால் ரயர் இன்னும் மாறித்தான் ஓடுகிறது என்று அர்த்தம். அவர் என் மனம் ஆறட்டும் என்று அனுப்புகிறார். நான் அதைத் திறந்து, எழுத்தைப் பார்த்துவிட்டு, விடியுமட்டும் முழித்திருப்பேன். ஒவ்வொரு நாளும் சொல்லுவதென்று முடிவெடுப்பேன். சொல்லாமல் போன நாட்கள் கூடக்கூட, சொல்லுவது கஷ்டமாகிக்கொண்டு போனது. இன்றைக்குச் சொன்னால், ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்று வரும். பொஸ்னியாக்காரி கேட்டபோது, சொல்லிவிட்டேன், திருப்பிப் பூட்டியாயிற்று என்றேன். அவளுக்குப் பொய் சொன்ன முதல் தடவை அதுதான். காலநிலையைச் சொல்லுகிற பக்கத்தை ஃபோனில் பார்த்துப் பார்த்து, மலையில் எந்த மணிக்கு எவ்வளவு பனி விழுகிறது என்று எனக்கு மனப்பாடம். ஸ்பிரிங்வேல் பக்கம் மரக்கறி வாங்கப் போனால் அந்த ரயர்காரர் கண்ணில் பட்டுவிடுவாரோ என்று சந்தைக்குப் போவதையும் விட்டேன்.

நடுவில் இரண்டு ஞாயிறு வேலை கூட என்று வராதவர், மூன்றாம் கிழமை முடிய ஒரு ஞாயிறு வந்தார். இன்றைக்கு முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் வாகனத்தைக் கழுவப் போனேன். கையை வேலையில் வைத்தால் வாய் திறக்கும் என்று ஒரு நம்பிக்கை.

இடப்பக்கக் கதவின் கீழே ஒரு நெளிவு இருந்தது. யாரோ உள்ளே இருந்து தட்டி எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். சேறு போகத்தான் தெரிந்தது. நான் குந்தியிருந்து முன்சில்லைத் துணியால் தேய்த்தேன். உ துணியோடு வந்துவிட்டது. செதில் செதிலாக உரிந்து, தண்ணீரில் பால்போலக் கரைந்து ஓடியது. என் பெயின்ற் அப்படிப் போகாது. வலப்பக்கம் போய்த் தேய்த்துப் பார்த்தேன். போகவில்லை. திரும்பி வந்து ஃபோனை வாகனத்துக்கு அடியில் நீட்டிப் படம் எடுத்தேன். இடப்பக்கச் சில்லின் உள்பக்கத்தில், சேற்றுக்குள், நான் எழுதிய உ இருந்தது.

அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்து என்னைப் பார்த்தார். துணியையும் பார்த்தார்.

"திருப்பிப் பூட்டினீங்களோ?" என்றேன்.

"ஓம்."

"எப்ப?"

"நீர் யோசிக்காதேயும். அது முதல் கிழமையே." கோப்பையை மதிலில் வைத்தார். "அந்தப் புதன்கிழமை இறங்கேக்கை ஒரு வளைவிலை பிரேக் போட்டன். வாகனம் வலப்பக்கம் சுத்திக்கொண்டு போய், இடப்பக்கத்தாலை பனிக்குவியலிலை அடிச்சுது. ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை."

"குவியலுக்கு அங்காலை என்ன?"

"மரம்."

நான் அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். எல்லா வளைவிலும் மரம் இல்லை.

"ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையோ?"

"என்னோடை தங்கியிருக்கிற ஒராள் பின்னாலை இருந்தவர், அவருக்குக் கழுத்துச் சுளுக்கு. அவர் இப்ப பஸ்ஸிலை போறார்." குனிந்து கதவின் நெளிவை விரலால் தடவியபடி சொன்னார். "அடுத்த நாள் அடிவாரத்து ரயர் கடையிலை காட்டினன். பாத்த உடனை சொல்லிப்போட்டான், ரெண்டு மாறிப் பூட்டிக்கிடக்கெண்டு. திருப்பினா எழுத்து உள்ளுக்குப் போயிடும். நீர் படத்தைப் பாத்திட்டுத்தானே நித்திரை கொள்ளுறனீர். ஹொட்டல் ஒஃபிசிலை பிழை அழிக்கிற வெள்ளை மை வாங்கி நானே ஒண்டை எழுதினன். ரெண்டு மூண்டு நாளிலை அழிஞ்சுபோகும். திருப்பி எழுதுவன்."

மலையால் இறங்கிவந்து, அந்த உரிந்த விரல்களோடு, குளிருக்குள் குந்தியிருந்து எனக்காக உ எழுதியிருக்கிறார். நான் அதைப் பார்த்துப் பார்த்து விடியுமட்டும் முழித்திருந்திருக்கிறேன். அதைச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் மற்றதைச் சொன்னார்.

"ஸ்பிரிங்வேலிலை பூட்டினவன் இப்பிடிச் செய்வான் எண்டு நான் நினைக்கேல்லை. ரயர் கடையிலை வேலை செய்யிறவன், அம்பு பாக்கத் தெரியாதோ? ரெண்டு மூண்டு பேருக்குச் சொல்லிப்போட்டன், அவனிட்டை ஒண்டையும் கொண்டுபோகாதேங்கோ எண்டு."

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. போய் மூடினேன்.

"அவருக்குத் தெரியும்," என்றேன். "அவர் சொன்னவர். நான்தான் கேக்கேல்லை. சுழி வெளியிலை இருக்கவேணும் எண்டு நிண்டனான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப உமக்கு அண்டைக்கே தெரியும்."

"அரைவாசி தெரியும். செவ்வாய்க்கிழமை வேலையிலை அவள் சொன்னவள். அப்பதான் முழுக்கத் தெரிஞ்சுது."

"செவ்வாய்க்கிழமை நான் உம்மோடை கதைச்சனான்."

"ஓம்."

"புதன்கிழமைதான் சறுக்கினது."

"ஓம்."

"அதுக்குப் பிறகும் மூண்டு கிழமை, மாறிப் பூட்டின ரயரிலைதான் நான் ஓடுறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனீர்."

அவர் கத்தியிருந்தால் நான் அழுதிருப்பேன், அது ஒருமாதிரி முடிந்திருக்கும். அவர் கத்தவில்லை. ஃபோனை எடுத்து, எனக்கு முன்னாலேயே அந்த ரயர்காரரைக் கூப்பிட்டார்.

"தம்பி, நான் உம்மைப்பற்றி ரெண்டு மூண்டு இடத்திலை பிழையாக் கதைச்சுப்போட்டன். பிழை எங்கடை. நான் எல்லாருக்கும் திருப்பிச் சொல்லுறன்." மறுபக்கத்தில் அவர் ஏதோ சொன்னார். "இல்லை, இல்லை. அக்கா சுகமா இருக்கிறா," என்றார் என் கணவர்.

மூன்று மணிக்குப் போனார். போகும்போது அடுப்பைப் பார்க்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்ததற்கு வெட்கப்பட்டேன்.

பனிக்காலம் இன்னும் ஏழு கிழமை இருந்தது. படம் அனுப்பவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவரும் அனுப்பவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் "இறங்கிட்டன்" என்று ஒரு சொல் மட்டும் வரும். அந்தச் சொல் வருகிறவரை ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருப்பேன். வந்தபிறகும் இருப்பேன். றோட்டு எப்படி, சங்கிலி பூட்டினீர்களா, சறுக்கினதா என்று கேட்க ஆயிரம் இருக்கும். முந்தி என்றால் எல்லாவற்றையும் கேட்டு, அவர் அலுத்துப்போய் ஃபோனை வைக்கிறவரை கேட்டிருப்பேன். இப்போது கேட்டால், உமக்கு ஏன் என்று அவர் கேட்கமாட்டார். ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவார். அதை நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கிற உரிமையும் எனக்கு இல்லை.

"சரி," என்று எழுதி அனுப்புவேன். "நீர் படுத்து நித்திரை கொள்ளும்" என்று பதில் வரும்.

"ஓம், படுத்திட்டன்" என்று கதிரையில் இருந்தபடி எழுதுவேன்.